எண்ணிக்கையில் வராத பந்துகள்

மார்ச் 4, 2018

ஷானாவுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று போனில் நான் கத்தினேன், நீ சிறையிலிருந்து வருகிற அழைப்பையே தடுத்துவிட்டாய். சரி, போகட்டும். கடிதத்தில் கத்தினாலும் உன் காது வலிக்காது. தபால்தலை வாங்க விடுகிற வரைக்கும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டு வந்தது. என் பிள்ளை டாசன் பேஸ்பால் மைதானத்து மேட்டில் நின்று பந்தை எறிகிற படம். பதினாறு வயதில் என்ன உயரம்! என் அறையில் இருக்கிற ஆர்மாண்டோ பார்த்துவிட்டு, "டேய், இது உன் பையனா? உன் மூஞ்சிக்கு இப்படி ஒரு புள்ளையா? நல்லா விசாரிச்சியா?" என்றான். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்ததும் பந்துகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளி அணிக்கு வீசி ஜெயித்தான், ஞாயிற்றுக்கிழமை லப்பக்கில் கிளப் அணிக்கும் வீசி ஜெயித்தான் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். பள்ளியில் கோச் பிக்கெட் எண்ணுவார். நூற்றுப்பத்துப் பந்தோடு நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகு நான்கு நாள் ஓய்வு என்று சட்டமே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யார் எண்ணுகிறார்கள்? இரண்டையும் சேர்த்து யார் கூட்டுகிறார்கள்?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

உன் அண்ணன்,
டெரெல்


மார்ச் 15, 2018

அண்ணா,

வந்துவிட்டாய் கேள்வி கேட்க. நான்கு வருஷமாக அந்தப் பிள்ளை வயிற்றை நிரப்பியது யார்? பல்லுக்குக் கம்பி போட்டது யார்? அவன் அம்மா அரிசோனாவுக்குப் போனவள் போனவள்தான், நீ உள்ளே போனவன் போனவன்தான். விடியும் முன் எழுந்து பள்ளிப் பேருந்து ஓட்டி அவனை ஆளாக்கியவள் நான். உன் கடிதங்களை அவன் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பள்ளியில் என்ன சொல்லி வைத்திருக்கிறான் தெரியுமா? "அவரு கடல்ல எண்ணெய் மேடைல வேலை பாக்கிறாருன்னு சொல்லியிருக்கேன் அத்தை. நீ எங்கயும் மாத்திச் சொல்லி என் மானத்தை வாங்கிடாத." நான் வாயே திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அணியை நடத்துவது ராண்டால் ஸ்டோக்ஸ். அவருக்கு ஆட்களைத் தெரியும். அவர் சொல்லித்தான் ஓக்லஹோமாவிலிருந்து, தங்கள் அணிக்குப் பையன்களைத் தேடுகிற ஒரு கல்லூரி ஆள் ஏப்ரல் 28ஆம் தேதி நம் ஊர் ஆட்டத்துக்கே வருகிறார். டாசன் வீசுகிற வேகத்தை அவர் ஒருமுறை பார்த்தால் போதும், படிப்பு, தங்குவது, சாப்பாடு எல்லாம் இலவசம். இது நடக்க வேண்டும் அண்ணா. நடந்தே ஆக வேண்டும்.

நீ நினைக்கிற மாதிரி நான் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. பள்ளிக்கு வீசிய மறுநாள் கிளப்பில் அவனை வீசவே விடமாட்டார்கள். அன்றைக்குக் கேட்சராக உட்கார வைக்கிறார்கள். குந்தி உட்கார்ந்து இன்னொருவன் வீசுவதைப் பிடிக்கிற வேலைதானே? கைக்கு நல்ல ஓய்வு.

இதையும் கேள். இப்போதெல்லாம் இடது கையால்தான் முட்கரண்டி பிடிக்கிறான். "என்னடா இது புது ஸ்டைலு?" என்றேன். "நாளைக்குப் பெரிய ஆளானா ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போடணும்ல அத்தை, கூட்டம் தாங்காது" என்றான். சிரித்துப் புரையேறிவிட்டது எனக்கு. இந்தச் சிரிப்பையெல்லாம் நீ பார்க்கவில்லை. அது யார் தப்பு?

ஷானா


மார்ச் 24, 2018

ஷானா,

கேட்சர் வேலை ஓய்வா? அடிப் பாவி! கேட்சர் பிடிக்கிற ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிவது யார், காற்றா? வீசுகிறவன் எத்தனை முறை எறிகிறானோ அத்தனை முறை கேட்சரும் எறிகிறான். நடுவில் எதிரணிக்காரன் எவனாவது அடுத்த தளத்துக்கு ஓடினால், அவனை அவுட் ஆக்க குந்திய இடத்திலிருந்து எழுந்து உயிரைக் கொடுத்து எறிய வேண்டும். அதை ஒரு பயலும் எண்ணுவதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் கை சூடாவதற்கு எறிகிறது, ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடங்கும்போதும் எறிகிறது, அதுவும் கணக்கில் கிடையாது. வெள்ளி வீச்சு, சனி கேட்சர், ஞாயிறு மறுபடி வீச்சு. அந்தக் கை எப்போதம்மா தூங்கும்?

நான் யார் சொல்ல என்று கேட்கிறாய். நியாயம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னைவிட அனுபவப்பட்டவன் உனக்குக் கிடைக்கமாட்டான்.

"வலிக்குதா?" என்று அவனைக் கேட்காதே. வலிக்கிறது என்று சொல்கிற வீச்சாளன் டெக்சஸில் இன்னும் பிறக்கவில்லை. வீட்டு வாசலில் நிற்க வைத்து இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல். வலது முழங்கை இடது முழங்கை மாதிரி நேராகிறதா பார். அப்புறம் பேச்சுவாக்கில் கேள், சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று. இடது கையால் சாப்பிடுவது ஸ்டைல் இல்லை ஷானா. பதினெட்டு வயதில் நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். நீ சின்னப் பெண், அப்போதும் சிரித்தாய்.

கை நேராகவில்லை என்றால் உடனே நிறுத்து. டாக்டரிடம் காட்டு. சில வாரம் பந்தையே தொடவிடாதே. ஆட்டம் போனால் மயிரே போச்சு. இப்போது ஓய்வு கொடுத்தால் முழங்கைத் தசைநார் பிழைத்துக்கொள்ளும். பிய்ந்த பிறகு கெஞ்சினால் கேட்காது.

டெரெல்


ஏப்ரல் 9, 2018

அண்ணா,

நீ சொன்னபடி செய்தேன். கை நேராகவில்லை. கொஞ்சம் மடங்கியே நிற்கிறது, கதவுக் கொக்கி மாதிரி. எனக்குத் திக்கென்றது. "எல்லா பிட்சருக்கும் இப்படித்தான் அத்தை, நீ யூட்யூப்ல பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்புறம் சுண்டுவிரலைப் பற்றிக் கேட்டதும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டான். நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

கோச்சிடம் சொல்லலாம் என்றுதான் போனேன். வெளியூர் ஆட்டம் முடிந்து பேருந்தில் என் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஷானா, உங்க பையன் இல்லன்னா இந்த வருஷம் நாங்க பிப்ரவரியிலயே மூட்டை கட்டியிருப்போம்" என்றார். பின்னால் பையன்கள் எல்லாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூரையைத் தட்டினார்கள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை அண்ணா.

28ஆம் தேதி வரைக்கும்தான். அந்தக் கல்லூரி ஆள் பார்த்துவிட்டுப் போகட்டும். மறுநாளே கிளப்பை நிறுத்துகிறேன், கோடை முழுக்க ஓய்வு. அதுவரைக்கும் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு வலி மாத்திரை கொடுக்கிறேன், கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறதுதான், தலைவலிக்குப் போடுவது. நன்றாக வீசுகிறான். இன்னொரு பையனின் அம்மா சொல்கிறாள், அப்படியே தசைநார் போனாலும் அறுவை சிகிச்சை செய்துவிட்டால் முன்னைவிட வேகம் கூடுமாம். சில அப்பாக்கள் ஒன்றும் ஆகாமலேயே செய்து கொடுங்கள் என்று டாக்டரிடம் போய் நிற்கிறார்களாம்.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பார். இந்த ஊரில் ஆண் பிள்ளைக்கு மூன்று வழிதான் இருக்கிறது. பருத்தி ஆலை, எண்ணெய்க் கிணறு, நீ இருக்கிற இடம். நான்காவதாக ஒரு கதவு திறக்கிறது. என்னை மூடச் சொல்கிறாயா?

ஷானா


ஏப்ரல் 13, 2018

ஷானா,

மூடச் சொல்கிறேன்.

வலி என்பது கை போடுகிற கூச்சல். மாத்திரையைக் கொடுத்து அதன் வாயைப் பொத்திவிட்டு, சத்தமே இல்லை, நன்றாக இருக்கிறது என்கிறாய். அறுவை செய்தால் வேகம் கூடும் என்று சொன்னவளைச் செருப்பால் அடி. அறுவைக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் வேறு வேலையே இல்லாமல் கைக்குப் பயிற்சி செய்கிறவர்களில்தான் சிலர் திரும்ப வருகிறார்கள். மற்றவர்கள் வருவதில்லை. அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வராது.

நீ கோச்சிடம் சொல்லமாட்டாய், உனக்கு வாய் வராது. நான் சொல்கிறேன். பள்ளி முகவரிக்கு அவருக்கே இன்று எழுதிப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கு, கேட்சர் கணக்கு, நீளாத முழங்கை, எல்லாம் எழுதியிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அவனுக்கு அப்பன்.

டெரெல்


ஏப்ரல் 20, 2018

உனக்கு வணக்கம் ஒரு கேடா.

நீ பள்ளிக்குக் கடிதம் போட்டாயே, உறையின் மேலே என்ன இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? சிறையின் முத்திரை, உன் பெயர், உன் கைதி எண். அலுவலகத்தில் தபாலைப் பிரித்துக் கொடுக்கிறவன் டாசன் வகுப்புப் பையன். மதியச் சாப்பாட்டுக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. "ஏய் டாசன், உங்கப்பா வேலை பாக்கிற எண்ணெய் மேடைக்குக் கம்பிக் கதவாமே! ராத்திரி வெளிய இருந்து பூட்டுவாங்களாமே!" இதை என் பேருந்தில், என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நான் வண்டியை நிறுத்திக் கத்தினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். கோச் உன் கடிதத்தை முழுக்கப் படித்திருக்கிறார். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் உட்காரு தம்பி, டாக்டர் பாக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அது வேலை செய்திருக்கும் அண்ணா. நீ எழுதியது என்று தெரியாமல் இருந்திருந்தால் வேலை செய்திருக்கும். "ஜெயில்ல கெடக்கிற ஆளு சொல்லி நான் உட்காரணுமா? பந்தைக் குடுங்க கோச்" என்றானாம். கையை நீட்டிக் காட்டச் சொன்னதற்குப் பல்லைக் கடித்து நேராக நீட்டிக் காட்டியிருக்கிறான். வியர்த்துவிட்டதாம் அவனுக்கு. கோச் பந்தைக் கொடுத்துவிட்டார்.

இனி எழுதாதே.

ஷானா


மே 6, 2018

அண்ணா,

எழுதாதே என்று சொன்னேன். நீயும் எழுதவில்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

28ஆம் தேதி சனிக்கிழமை. காற்று அடித்து மைதானமெல்லாம் மண். அந்தக் கல்லூரி ஆள் வலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, வேகம் பார்க்கிற கருவியோடு உட்கார்ந்திருந்தார். முதல் மூன்று இன்னிங்ஸில் டாசனின் பந்தை அடித்தவன் ஒருவனுமில்லை. நான்காவதில் பந்து மேலே மேலே போனது. "கால் எடுத்து வைக்கிறதைப் பாரு, பையன் களைச்சுட்டான்" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கோச் மேட்டுக்கு நடந்து போய்ப் பேசினார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பந்தை வாங்கிக்கொண்டான்.

அவன் முழங்கையில் பட்டென்று சத்தம் கேட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. குனிந்து சிப்ஸ் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பந்து எங்கேயோ போய் வேலியில் இடித்து உருண்டது. அவன் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி நடந்து வந்தான். "ஸாரி கோச்" என்றான். இதைத்தான் சொன்னான் அண்ணா. 

அந்தக் கல்லூரி ஆள் கருவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கோச்சின் எண்ணிக்கையில் அது எழுபத்தொன்றாவது பந்து. சட்டப்படி இன்னும் முப்பத்தொன்பது பாக்கி இருந்ததாம். யார் மேலும் தப்பில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

தசைநார் முழுசாக அறுந்துவிட்டது. 22ஆம் தேதி டல்லஸில் அறுவை சிகிச்சை. நீ என்ன திட்டுவதாக இருந்தாலும் எழுது. நான் படிக்கிறேன்.

ஷானா


மே 13, 2018

ஷானா கண்ணு,

திட்டவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆர்மாண்டோ என்னடா என்று கேட்டான், சொன்னேன். அவன் எழுந்து சுவரில் இருக்கிற படத்தின் மூலையை அழுத்தி ஒட்டிவிட்டான். அந்த எழுபத்தொன்றாவது பந்தின் பழியில் நீ பாதி, நான் பாதி. அந்த உறையை நான் ஒட்டாமல் இருந்திருக்கலாம்.

இப்போது கை முக்கியமில்லை. கையை டாக்டர் பார்த்துக்கொள்வார். நான் சொல்லப்போவது வேறு. அறுவைக்குப் பிறகு வலிக்கு மாத்திரை தருவார்கள். நீ கடையில் வாங்கினாயே, அது இல்லை, இது வேறு ஜாதி. எனக்கும் பத்தொன்பது வயதில் முழங்கையை அறுத்தபோது அதைத்தான் கொடுத்தார்கள். முழங்கை ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. மாத்திரை ஆறவில்லை. நான் மருந்துக் கடையில் துப்பாக்கியோடு நின்றதற்குக் காரணம் கெட்ட சகவாசம் என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். என் சகவாசம் ஒரு சின்ன ஆரஞ்சு நிறப் புட்டியோடுதான்.

டாக்டரிடம் என்னைப் பற்றிச் சொல். எங்கள் வீட்டில் இப்படி ஒருவன் இருக்கிறான், இது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது, முடிந்தால் வேறு மருந்து கொடுங்கள் என்று சொல். புட்டியை அவன் கையில் கொடுக்காதே. ஒவ்வொன்றாக நீயே கொடு.

இதை மட்டுமாவது கேள்.

டெரெல்


ஜூலை 1, 2018

அண்ணா,

நான் சொல்லவில்லை.

டாக்டர் கேட்கத்தான் செய்தார். "குடும்பத்துல யாருக்காவது மாத்திரைப் பழக்கம், போதைப் பழக்கம் உண்டாம்மா?" டாசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கட்டு. என்னைப் பார்த்தான். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பினானே, அதே முகம். இன்னொரு தடவை அவன் முன்னால் உன் கதையை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. "அப்படியெல்லாம் யாரும் இல்ல டாக்டர்" என்றேன். அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

புட்டியைக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்து நான்தான் கொடுத்தேன். அது தீர்ந்தது, இன்னொன்று கொடுத்தார்கள், அதுவும் தீர்ந்தது. போதும் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். அப்படி என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஆனால் பிள்ளை சரியில்லை அண்ணா. மதியம் வரைக்கும் தூங்குகிறான். கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புகிறான். நேற்று வறுத்த கோழியைத் தட்டில் வைத்தேன், அதைப் பார்த்து மெதுவாகச் சிரித்துக்கொண்டே இருந்தான். கண்மணி ஊசிமுனை மாதிரி இருக்கிறது. கைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று போகிறான், அங்கே வரவில்லை என்று போன் வருகிறது. மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன், அலமாரி, காலணி, கழிப்பறைத் தொட்டி எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அம்மா உன் அறையில் எத்தனை தடவை தேடியிருப்பாள். ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. கேட்கவே நாக்கு கூசுகிறது. நீ எங்கே ஒளித்து வைப்பாய்?

ஷானா


ஜூலை 9, 2018

ஷானா,

அவன் பந்து பிடிக்கிற கிளவுஸைப் பார்.

மணிக்கட்டுக்கு மேலே கனமாக இருக்குமே, அந்த இடத்தில் உள்ளே பஞ்சுத் தகடு இருக்கும். தோல் கயிற்றை அவிழ்த்துத் தகட்டைப் பாதி பிய்த்து எடுத்துவிட்டால் ஒரு விரல் போகிற அளவுக்கு இடம் கிடைக்கும். மறுபடி கயிற்றைக் கோத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அம்மா என் அறையில் எல்லாவற்றையும் கிளறுவாள், அதை மட்டும் தொடமாட்டாள். என் பிள்ளை ஆசையாக வைத்திருந்தது என்று எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி அலமாரியில் வைப்பாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

எறிய முடியாதவனுக்குக் கிளவுஸ் எதற்கு? அது கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் எடுத்துப் பார். கயிற்று முடிச்சு புதிதாக இருக்கும்.

எதுவும் இல்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு, நான் கெட்ட புத்திக்காரன் என்று நினைத்துக்கொள். இருந்தால் கத்தாதே, அடிக்காதே. அன்றைக்கே டாக்டரிடம் போ. இந்த முறை உண்மையைச் சொல், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல். அப்புறம் ஒரு சனிக்கிழமை அவனை இங்கே கூட்டி வா. நான் புத்தி சொல்லமாட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அவன் பார்த்தால் போதும்.

டெரெல்


ஜூலை 18, 2018

அண்ணா,

இருந்தது.

தலையணைக்கு அடியில் வைத்திருந்தான் கிளவுஸை. முடிச்சு புதிது. டாக்டர் கொடுத்த மாத்திரை வெள்ளை. இது நீலம். யாரிடம் வாங்கினான், எதை விற்று வாங்கினான், எனக்கு இன்னும் தெரியாது. உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவன் குளித்துவிட்டு வந்து வாசலில் நின்றான். பொய் சொல்லவில்லை, ஓடவில்லை. அவிழ்ந்து கிடந்த தோல் கயிற்றைக் குனிந்து பார்த்தான்.

"அப்பா சொன்னாரா?" என்று கேட்டான்.

நான்கு வருஷத்தில் இந்த வீட்டுக்குள் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆமாம் என்றேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயர், உன் இடம், எல்லாம். நான் சொல்லச் சொல்ல அவன் தலையைக் குனிந்து வலது சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் மரத்துத்தான் இருக்கிறதாம். மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீட்கிற ஒரு இடத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம்தான் படுக்கை காலியாகும். அதுவரைக்கும் நான் தூங்குவதில்லை.

சனிக்கிழமை காலையில் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்துவேன். எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் ஏறினால் இரண்டு பேரும் வருவோம். ஏறவில்லை என்றால் காத்திருக்காதே. அவனைத் தனியாக விட்டுவிட்டு நான் இனி எங்கேயும் வரமாட்டேன்.

ஷானா